கல்லச்சில் உறைந்த முகம்

பவேரிய நாடகாசிரியர் அலோய்ஸ் செனபெல்டர் 1796ஆம் ஆண்டளவில் கல்லச்சைக் கண்டடைந்தது, தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியபோதுதான். தொடக்கக் காலத்திலேயே அவர் இசைத்தாள்களையும் அச்சிட்டார். நாடகத்துக்கும் பாட்டுக்குமாகப் பிறந்த இந்தத் தொழில், 40 ஆண்டுகளில் ஓர் இனத்தின் முகத்தைச் சிதைத்து விற்கும் தொழிலாகவும் ஆனது. 1836இல் தோமஸ் ரைஸ் என்ற அமெரிக்க வெள்ளை நடிகர், முகத்தில் கரி பூசி இலண்டன் மேடையில் 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பின வேடத்தில் ஆடிப் பாடினார். அந்தப் பாட்டின் இசைத்தாள் அட்டைகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: கந்தல் உடை, மடங்கிய முழங்கால், இடுப்பில் ஊன்றிய கை. ஆட்டத்தின் ஒரு நொடியைப் பிடித்து நிறுத்தி, அதையே அம்மனிதனின் இயல்பான நிலையாக ஆக்கிவிட்டார்கள். நடிகன் இரவு முடிந்ததும் கரியைக் கழுவிவிடுவான். வீட்டுப் பியானோவில் சாத்திவைத்த தாளில் நிற்பவனுக்கு அது முடியாது. விக்டோரியக் காலத்து இனக்கேலி நிலைபெற்றதற்கு நடிப்பைவிடத் தாளே பெரிய காரணம் என்பது என் வாதம்.

அந்த வழக்கம் கிழக்கே வந்தபோது முகம் மட்டும் மாறியது. 1860களில் இந்தியாவைச் சுற்றிவந்த கரிமுக நடிகர் டேவ் கார்சன், அந்த ஆட்டத்தின் அச்சிலேயே 'வங்காளி பாபு' என்ற கேலி வேடத்தை வார்த்தெடுத்தார். கொழும்பில் 1869இல், இலண்டன் கேலி இதழான 'பஞ்ச்'சின் இலங்கை வடிவம் என்று 'முனியாண்டி' இதழ் புறப்பட்டது, பறங்கியரான ஜே. எல். கே. வான் டோர்ட் அதற்குப் படம் வரைந்தார். அந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். முனியாண்டி ஊரைக் காக்கும் தெய்வம். கோப்பித் தோட்ட லயன்களில் அந்தத் தெய்வத்தின் பெயரைச் சுமந்தவர்கள் உழைத்தார்கள். அந்தப் பெயர் ஆங்கிலம் வாசிக்கும் வீடுகளுக்கு நகைப்பின் அடையாளமாகப் போய்ச் சேர்ந்தது. ஹமில்டனும் பாசனும் 1881இல் இலண்டனில் வெளியிட்ட 'சீன்ஸ் இன் சிலோன்', படமும் வேடிக்கைச் செய்யுளுமாக அதையே தொடர்ந்தது. தோட்டச் சின்னத்துரைமார் தமிழ் படிக்கக் கொழும்பில் அச்சான கைநூலின் பெயரோ 'இங்கே வா'. ஜிம் க்ரோவின் வாயில் ஆங்கிலத்தைச் சிதைத்தார்கள். இங்கே தமிழையே ஏவல் வினையாகச் சுருக்கினார்கள்.

இனக்கேலி எங்கள் அரங்கிலும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்ததுதான்: சிங்களவரின் நோய்தீர்க்கும் பதினெட்டுச் சன்னிச் சடங்கில் வரும் 'தெமள சன்னிய' தமிழ் பேசி நகைப்பூட்டும் பேய். ஆனால் அது நோயாளியின் முற்றத்தில் ஆடி, விடிந்ததும் விடைபெறும். பார்ப்பவருக்கு அயல் ஊர்த் தமிழரை நேரிலும் தெரியும். இசைத்தாளை வாங்கிய இலண்டன் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படத்தைத் தவிர வேறு அறிமுகம் இல்லை. 'பஞ்ச்' வகை இதழ்கள் துரைமாரையும் விட்டுவைக்கவில்லையே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான், ஆனால் துரையைக் கேலி செய்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் துரையின் சட்டமன்ற உரை இருக்கும், அவர் பெயர் இருக்கும். கூலிக்கு அந்த அடுத்த பக்கம் இல்லை. கார்சனுக்குக் கல்கத்தா பதில் சொல்லவும் செய்தது: 1873இல் வங்காள நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தபி நேஷனல் தியேட்டரில் 'முஸ்தபி சாகேப் கா பக்கா தமாஷா'வை நடத்தினார். கலைஞனின் தன்மானம் அதில் ஒளிர்கிறது. என்றாலும் அது மேடையோடு நின்ற பதில்.

அச்சிலேயே வந்த பதிலும் ஒன்று உண்டு. முனியாண்டிக்கு முன்பே அது வந்துவிட்டது என்பதே துயரம். கொழும்புத் தமிழரான முத்துக்குமாரசுவாமி, தமிழ் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863இல் இலண்டனில் வெளியிட்டார். அரிச்சந்திரன் அடிமையாக விலைபோகிறான், கோலூன்றிச் சுடலை காக்கிறான், கந்தல் உடுத்துகிறான். எந்தத் தமிழ்ப் பார்வையாளரும் அந்தக் கந்தலைக் கண்டு சிரித்ததில்லை. அந்த நூலுக்கு 6 ஆண்டுகள் கழித்து, அதை ஆங்கிலமாக்கியவரின் நகரிலேயே 'முனியாண்டி' விற்பனைக்கு வந்தது.