குடிக்கூலியும் நம் மக்களும்

நம்மவர் இந்நாட்டில் குடியேறிய சரித்திரத்தை எழுதுவோர் ரப்பரையும் ரயிலையும் விரித்துரைப்பர். குடிக்கூலியைப் பற்றிக் கூறுவோர் அரியர். எனினும் ஏழையின் வாழ்வும் தாழ்வும் அதனோடு பிணைந்தவையாம்.

1910-இல் ஒப்பந்தக் கூலியாக இந்தியாவினின்று ஆள் எடுக்கும் முறை நிறுத்தப்பட்டது. 1938-இல் இந்திய சர்க்காரின் தடையால் கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதும் நின்றது. ஆயினும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடு வேலையோடு கட்டுண்டே கிடந்தது. வாடகை கேட்பாரில்லை, வேலை போனாலோ வீடும் போயிற்று. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்வாசிகளின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே. இனாம் வீடென்று மகிழ்ந்தவர் தம் சுதந்திரத்தையே குடிக்கூலியாகச் செலுத்தினர்.

பட்டணத்தில் யுத்தத்திற்குப்பின் வீட்டுப் பஞ்சம் மிகுந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் தோன்றின. 1966-ஆம் ஆண்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்குள் கட்டப்பட்ட கட்டிடங்களின் வாடகையை நினைத்தபடி உயர்த்தவொட்டாமல் தடுத்தது. அதன் நிழலில் ஏழைகள் பலர் பிழைத்தனர். வருமானம் குன்றிய உடைமையாளர் பலர் பழுதுபார்க்காது விட்டதும் மெய்யே. 1997-இல் அச்சட்டம் ரத்தாயிற்று. 1999 முடிவுவரை தவணை அளிக்கப்பட்டது.

இன்றோ வீடு புகுமுன் இரண்டு மாத ஜாமீன் பணம், தண்ணீர் மின்சாரத்திற்கு அரை மாதம், முதல் மாத வாடகை ஆக மூன்றரை மாதத் தொகையை முன்னதாகக் கட்டுவதே வழக்கம். ஆயிரம் வெள்ளி வாடகைக்கு 3,500 வெள்ளி! தோட்டத்தை விட்டு வெறுங்கையோடு வருபவன் வட்டிக்காரனையன்றி யாரை நாடுவான்? வட்டி ஏற, வாடகை பாக்கி விழுகின்றது.

பாக்கிதாரனுக்கும் சட்டமுண்டு. 1951-ஆம் ஆண்டு ஜப்திச் சட்டப்படி, வீட்டுக்காரர் கோர்ட்டில் உத்தரவு பெற்று, பன்னிரண்டு மாதத்திற்கு மேற்படாத பாக்கிக்காகச் சாமான்களை ஜப்தி செய்விக்கலாம். அவசியமான உடையையும் படுக்கையையும் தொடலாகாது. குடித்தனக்காலம் முடிந்தபின்னும் குடியிருப்பவனைக் கோர்ட்டு மூலமன்றி வெளியேற்றலாகாதென்பது 1950-ஆம் ஆண்டு குறித்த பரிகாரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. இதையறியாது, பூட்டை மாற்றியவுடன் தலைவிதியென்று தெருவில் நிற்போர் நம்மவரே!

தோழர்களே! உடன்படிக்கையின்றி வீடு புகாதீர். ரசீதின்றி வாடகை கொடாதீர். தாமதம் நேருமாயின் ஒளிந்து திரியாமல், முன்னரே சொல்லித் தவணையை எழுத்தில் பெறுவீர். திருவிழாவிற்கு வீடுவீடாக வசூலிக்கும் நம் சங்கங்கள், வட்டியின்றி முன்பணம் உதவ ஒரு நிதி திரட்டலாகாதா? தெய்வத்திற்குத் தேர் செய்யுமுன் மனிதனுக்குக் கூரை வேண்டும்.