மயிர், மண், தண்ணி: தலைமுழுக்கின் வரலாறு

ஷாம்பு வேண்டாம், ரசாயனம் வேண்டாம், சீயக்காய்க்கும் செம்பருத்திக்கும் திரும்புவோம் என்கிற பேச்சு இப்போது நம்முடைய கூட்டங்களிலும் கேட்கிறது. நகரத்தில் படிக்கிற நம்ம பிள்ளைகளே பேசுகிறார்கள். கம்பெனிக்காரன் நம் தலையில் ரசாயனத்தைத் தடவிக் காசு பார்க்கிறான், பாட்டி காலத்துப் பழக்கம்தான் நல்லது என்கிறார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. எந்தப் பாட்டி? எந்தத் தெருப் பாட்டி? அந்தப் பாட்டி தலை முழுகின தண்ணி எந்தக் கிணத்துத் தண்ணி?

தலைமயிரைக் கழுவுவது அற்பக் காரியம் போலத் தெரியலாம். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும், எண்ணெய் வேண்டும், இலையும் காயும் பறிக்கக் காடு வேண்டும், உட்கார்ந்து தேய்க்க நேரம் வேண்டும். இந்த நான்கும் யார் கையில் இருந்தன என்று பார்த்தால் ‘பாட்டி காலம்’ என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பது விளங்கும்.

மாதவி குளித்ததும் பண்ணையாள் குளித்ததும்

தமிழ் படித்தவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை தெரியும். கோவலனோடு ஊடல் தீர மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில், வாசநெய் பூசிய கூந்தலைக் கழுவுகிறாள். பிறகு புகையூட்டி உலர்த்துகிறாள். இலக்கிய வகுப்பில் இதைப் பழந்தமிழர் அழகுக்கலை என்று சொல்லித்தந்தார்கள். நாற்பத்தேழு சரக்கையும் யார் பறித்தார்கள், யார் இடித்தார்கள், யார் தண்ணீர் சுமந்தார்கள் என்று எந்த உரையாசிரியரும் கேட்டதில்லை. வகுப்பில் நாங்களும் கேட்கவில்லை.

சொல்லிலேயே வேறுபாடு இருக்கிறது. அரசகுலத்துப் பெண்ணுக்கும் கணிகைக்கும் இருப்பது கூந்தல், குழல், ஓதி, ஐம்பால். நம்ம சனங்களுக்கு இருப்பது மசுரு. ‘மயிர்’ என்பது நல்ல தமிழ்ச்சொல்தான். அது வசவாகிப் போனது. எண்ணெய் காணாமல் வெயிலில் வெந்து செம்பட்டை பாய்ந்த தலைக்குப் ‘பரட்டை’ என்று பெயர் வைத்தார்கள். எண்ணெயும் தண்ணியும் கொடுக்காதவனே அந்தப் பெயரையும் வைத்தான்.

எங்க அம்மாச்சி ஒரு பண்ணையில் வேலை செய்தது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அந்த வீட்டுக்குச் சீயக்காய் இடிக்கப் போகும். காய்ந்த காயோடு வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு எல்லாம் போட்டு உரலில் இடிக்கணும். தூசி கண்ணில் எரியும், மூக்கில் ஏறும், தும்மித் தும்மி உசிரு போகும். இடித்ததைச் சலித்துக் கொல்லைப்புறமே வைத்துவிட்டு வரணும். “வருசத்துல தீவாளி ஒரு நாளு ஒழக்கு எண்ணெயும் ஒரு பிடி தூளும் குடுப்பாக. அந்த ஒரு நாளுதான் நம்ம தலை எண்ணெயப் பாக்கும்” என்று சொல்லும். வருசம் பூரா இடித்தவளுக்கு ஒரு பிடி. இதுவும் பாட்டி காலத்துப் பழக்கம்தான்.

தீட்டுக்குத் தலைமுழுக்கு

தலைமுழுகுதல் என்றால் சாதி இந்துக்களுக்கு அழுக்குப் போக்குவது மட்டும் இல்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுக வேண்டும். மாதவிலக்கு முடிந்தால் முழுக வேண்டும். நம்மைத் தொட்டுவிட்டாலும் முழுக வேண்டும். சாவு, பெண், தலித் மூன்றும் ஒரே வரிசையில். நம்மைத் தொட்டவன் தலை முழுகக் குளம் இருந்தது. நாம் தலை முழுக அந்தக் குளத்தில் இடம் இல்லை. தண்ணியைத் தடுத்துவிட்டு நம்மை அழுக்கன் என்றார்கள். அழுக்காக இருப்பதால்தான் தள்ளி வைத்தோம் என்று அதையே காரணமாகவும் சொன்னார்கள்.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவும் கிணறும் குளமும் தீண்டப்படாதார்க்கும் உரியவை என்பது அதன் சாரம். 1927 மார்ச் 20ஆம் தேதி மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அவர் பின்னால் ஆயிரக்கணக்கானோர் குடித்தார்கள். அதன் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குத் ‘தீட்டு’க் கழித்தார்கள். பசுவின் சாணமும் மூத்திரமும் கலந்ததை ஊற்றித் தண்ணியைச் சுத்தம் செய்தார்கள்! எது சுத்தம், எது அழுக்கு என்பதைச் சாதி எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931இல் பதினொன்று போட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பவை பலருக்கும் தெரியும். அந்தப் பட்டியலைத் தலையைப் பற்றிய பட்டியலாகவும் வாசிக்கலாம். ஆண்கள் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. தண்ணீரை மண்பானையில்தான் எடுக்க வேண்டும், செம்பிலோ பித்தளையிலோ கூடாது. பானைக்குச் சும்மாடு வைக்கோலில்தான், துணியில் கூடாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதாருக்கு வேலை செய்ய வேண்டும். கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா.

நம்ம தலையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதையெல்லாம் அவர்களே எழுதினார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் வயலில் கிடக்கிற பெண், எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, சீயக்காய் கரைத்து, வெந்நீர் போட்டு எப்போது முழுகுவாள்?

கரம்பையும் உசிலையும்

அப்படியென்றால் நம்ம பெண்கள் தலையே கழுவவில்லையா? கழுவினார்கள். காசு கொடுக்காமல் கையில் கிடைத்ததை வைத்துக் கழுவினார்கள். அந்த அறிவு ‘பாரம்பரிய அழகுக்குறிப்பு’களில் அபூர்வமாகத்தான் வரும்.

தென்மாவட்டங்களில் கோடையில் கண்மாய் வற்றினால் அடியில் கருப்பாக வெடித்துக் கிடக்கும் வண்டல்தான் கரம்பை. “நல்லாக் காயவச்சு நொறுக்கித் தண்ணியில ஊறப் போடணும். கல்லு மணலு அடியில தங்கிரும். மேல வெண்ணெயாட்டம் நிக்கிறத அள்ளித் தலையில அப்பணும். காயவிடக் கூடாது, ஈரத்தோட அலசிப்புடணும்.” இது அம்மாச்சி சொன்ன பக்குவம். நுண்ணிய களிமண் எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சி எடுக்கும். நுரை வராது, ஆனால் தலை பஞ்சு மாதிரி ஆகும். இதே களிமண்ணைப் பொட்டலம் கட்டி இன்றைக்கு அழகுநிலையங்களில் விற்கிறார்கள்.

கண்மாய்க் கரையை வெட்டிக் கட்டி, வண்டலைச் சுமந்தது நம்ம சனங்கதான். கண்மாய் மண்ணைச் சுமக்க நம்ம தலை வேணும். கண்மாய்த் தண்ணியில நம்ம தலை நனையக் கூடாது. அதனால் தண்ணி வற்றின பிறகு மிஞ்சின மண்ணை எடுத்துத் தலைக்குத் தேய்த்தார்கள். கரம்பைக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

அடுத்தது உசிலை. கொங்குநாட்டில் அரப்பு என்பார்கள். வறண்ட காட்டிலும் பொறம்போக்கிலும் தானாக வளர்கிற மரம். இலையை உருவி நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்தால் பச்சைத்தூள். தண்ணி பட்டதும் வழவழப்பாக வரும், கண் எரியாது. இந்த மரத்தின் பெயரால்தான் உசிலம்பட்டிக்குப் பெயர் வந்தது என்பார்கள். ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகள் மடியில் உருவிக்கொண்டு வரும். பிறகு ஊர்ப் பொறம்போக்கெல்லாம் சீமைக் கருவேலம் மண்டியது. உசிலையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

உசிலை, சீயக்காய், பூந்திக்கொட்டை மூன்றிலும் சபோனின் என்கிற பொருள் இருக்கிறது. தண்ணியில் நுரைத்து அழுக்கையும் எண்ணெயையும் பிரித்தெடுப்பது இதுதான். சோப்பு காரத்தன்மை கொண்டது. சீயக்காய்க் கரைசல் லேசான புளிப்புத்தன்மை கொண்டது, மயிருக்கு அது ஒத்துக்கொள்ளும். இதெல்லாம் உண்மை. வடிகஞ்சியில் சீயக்காயைக் கரைத்தால் தலை வறளாது என்பதும் உண்மை. ஆனால் வடிகஞ்சியைத் தலைக்கு ஊத்துற வீடு வேற, வடிகஞ்சியைக் குடிக்கிற வீடு வேற.

பாக்கெட் சேரிக்கு வந்த கதை

‘ஷாம்பு’ வெள்ளைக்காரன் சொல் இல்லை. அமுக்கு, பிடித்துவிடு என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து போனது. பாட்னாவில் 1759இல் பிறந்து கம்பெனிப் படையில் இருந்த சேக் தீன் முகமது, 1810களில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஆவிக்குளியலும் உடம்புப்பிடியும் சேர்ந்த குளியலகம் நடத்தினார். அரசருக்கே ‘ஷாம்பு வைத்தியர்’ ஆனார். இங்கே உடம்பு பிடித்துவிடுகிறவனைக் கீழே வைத்தார்கள், அங்கே அதே தொழிலுக்குப் பட்டம் கிடைத்தது. பிற்பாடுதான் அந்தச் சொல் தலை கழுவுவதைக் குறித்தது. சோப்பு கலக்காத செயற்கை ஷாம்பு அமெரிக்காவில் 1934இல் ‘ட்ரீன்’ என்ற பெயரில் வந்தது. இங்கே அது ரொம்ப காலம் பட்டணத்துப் பணக்காரர்களின் பாட்டிலாகவே இருந்தது.

அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்த கதை கடலூரில் தொடங்குகிறது. சின்னி கிருஷ்ணன் என்பவர் அதற்கு வழிகாட்டினார். அவர் குடும்பத்திலிருந்து வந்த வெல்வெட் ஷாம்பு 1980களில் பெட்டிக்கடைகளில் தொங்கியது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடப் பையன்கள் தலையில் தேய்த்துக் காட்டினார்கள். 1990களின் கடைசியில் எட்டணாவுக்கே ஒரு பாக்கெட் கிடைத்தது.

சேரிப் பெண்கள் அதை விளம்பரத்தில் மயங்கி வாங்கினார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பது. அதற்கு முன்னால் நம்ம வீடுகளில் உடம்புக்கும் தலைக்கும் ஒரே சிவப்புச் சோப்புத்தான். உப்புத்தண்ணியில் சோப்புப் போட்டால் நுரை வராது, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மயிரில் ஒட்டும். ஷாம்பு உப்புத்தண்ணியிலும் நுரைக்கும். ரெண்டு குடத்தில் வேலை முடியும். கால்மணி நேரம் போதும். எட்டணா கையில் இருந்தால் போதும், யாரிடமும் ஒரு பிடி தூளுக்குக் கைநீட்ட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், சேரிப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, “தலைக்குக் குளிச்சிட்டு வந்து வகுப்புல உக்காருங்கடா” என்பார். தெருவில் குழாய் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஷாம்பு வாசம் என்பது சின்ன விசயம் இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் எந்தத் தெருத் தலை என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இதனால் கம்பெனிக்காரன் நமக்கு விடுதலை கொண்டுவந்துவிட்டான் என்று ஆகிவிடாது. பாக்கெட் பிளாஸ்டிக் மக்காது. சாக்கடையை அடைக்கிறது. அந்த அடைப்பை எடுக்க எந்தச் சாதியை இறக்குகிறார்கள்? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் சாக்கடைக் குழியில் சாகிறது நம்ம ஆட்கள்தான்.

இயற்கை யாருக்கு?

இப்போது ‘ஹெர்பல்’ காலம். பாட்டிலில் செம்பருத்திப் படம் பெரிதாக இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் லாரெத் சல்ஃபேட் என்று இருக்கும். பல பாட்டில்களில் இதுதான் நிலைமை. உண்மையான சீயக்காயைப் பறிக்கிறவர்கள் நிலைமை என்ன? கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் தேனும் நெல்லியும் சீயக்காயும் சேகரித்துப் பிழைத்தவர்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தைக் காட்டி அவர்கள் சேகரித்து விற்பதைத் தடுத்தார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தைப் பிடித்துப் போராடி 2011இல்தான் சமூக வன உரிமை பெற்றார்கள். பட்டணத்துக்காரன் சீயக்காய் தேய்த்தால் இயற்கை வாழ்வு, பழங்குடிப் பெண் அதைப் பறித்தால் வனக்குற்றம்.

எங்கள் பகுதிப் பெண்கள் சிலர் ஷாம்பை விட்டுவிட்டு உசிலையும் கரம்பையும் தேய்த்துப் பார்த்தார்கள். முதல் மூணு நாலு தடவை தலை பிசுபிசுத்தது. எண்ணெயைக் குறைத்து, தூளை வேட்டித்துணியில் சலித்து, கடைசி அலசலுக்கு எலுமிச்சைச் சாறு விட்ட பிறகு சரியானது. அரிப்புக் குறைந்தது என்று ரெண்டு பேர் சொன்னார்கள். ஆனால் ஷாம்புக்கு ரெண்டு குடம் என்றால் இதற்கு நாலு குடம் போகிறது. “தண்ணி லாரி வர்ற அன்னைக்கு உசிலை, வராத அன்னைக்குப் பாக்கெட்டு” என்று ஒரு அக்கா சொன்னது. நம்ம விவாதத்தை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொதுக் கிணற்றிலும் குளத்திலும் படித்துறையிலும் குழாயிலும் நம்மைத் தடுப்பது குற்றம் என்று 1955இலேயே சட்டம் ஆகிவிட்டது. சட்டம் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. சேரிக்கு வீட்டுக்கு வீடு குழாய், கண்மாயில் சம உரிமை, கருவேலத்தை வெட்டிய பொறம்போக்கில் உசிலை நட்டு நம்ம பெண்களே பறிக்கிற உரிமை, காட்டு மக்களுக்குக் காடு, கூலிக்காரப் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு. ‘இயற்கைக்குத் திரும்புவோம்’ என்கிற தோழர்கள் முதலில் இந்தக் கோரிக்கைகளோடு வரட்டும். சீயக்காயா பாக்கெட்டா என்பதை நம்ம பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.