ஏறிக்கொண்டிருந்த விமானம்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன் நான். 1988 ஜூலை 3 அன்று நடந்ததை வெறும் அரசியல் செய்தியாகப் படிக்க என்னால் முடிந்ததே இல்லை. ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் 655-க்கு அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. மேலேறும்போதே அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸின் ஏவுகணைகள் அதை வீழ்த்தின. 290 பேர் இறந்தார்கள். அவர்களில் 66 பேர் குழந்தைகள்.

எஃப்-14 போர் விமானம் கீழிறங்கித் தாக்க வருகிறது என்று கப்பலில் நினைத்தார்கள். அதே கப்பலின் ஏஜிஸ் என்ற ராடார் அமைப்பில் பதிவானதோ வேறு: விமானம் சீராக ஏறிக்கொண்டிருந்தது, பயணிகள் விமானத்துக்குரிய குறியீட்டையும் அனுப்பிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை ராணுவ அலைவரிசையில் போயின. அதைக் கேட்கும் கருவியே பயணிகள் விமானத்தில் கிடையாது. பொது அவசர அலைவரிசையில் பேசியபோதும் அந்தக் குறியீட்டைச் சொல்லிக் கூப்பிடவில்லை. யாரை அழைக்கிறோம் என்று தெளிவாகச் சொல்வதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம்.

கப்பல் அப்போது ஈரானின் கடல் எல்லைக்குள் இருந்தது. அதன் தலைவருக்கு 1990-இல் பதக்கம் கிடைத்தது. 1996-இல் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 6.18 கோடி டாலர் தர அமெரிக்கா சம்மதித்தது. சட்டப் பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. இதை நான் நியாயம் என்று ஒப்பமாட்டேன்.

655-க்காகச் சர்வதேச நீதிமன்றம்வரை போன ஈரானும் 2020 ஜனவரி 8 அன்று அதே தவறைச் செய்தது. தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை அதன் புரட்சிக் காவல் படை சுட்டதில் 176 பேர் மாண்டார்கள். மூன்று நாள் மறுத்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கத் தளங்களை நோக்கி ஈரானின் ஏவுகணைகள் பறந்த அந்த இரவில் வான்வெளியை மூடாமல் விட்டதும் அவர்கள்தான்.