கறுத்த செதில்கள்

1926ல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் பகுதியில், எல்ஸ்ட்ரீ என்ற ஊரில் தக்காளி வளர்த்த ஒருவர் தன் செடிகளில் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார். இலைக்கு அடியில் வெள்ளை ஈயின் இளம்பூச்சிகள் செதில் செதிலாக ஒட்டியிருந்தன. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, அங்கே எல்லார் வீட்டுத் தக்காளியிலும் அதே கதைதான். ஆனால் அந்த வெளிறிய செதில்களுக்கு நடுவே சில மட்டும் கன்னங்கரேலென்று இருந்தன. அவர் அதை எட்வர்ட் ஸ்பேயர் என்ற பூச்சியியலாளரின் கவனத்துக்குக் கொண்டுபோனார்.

பூச்சிகளோடு மனிதன் நடத்திய சண்டையின் வரலாற்றைப் படிக்கும்போது நான் அதிகநேரம் நிற்பது இந்த இடத்தில்தான். நோய் பிடித்த இலை என்று கிள்ளி நெருப்பில் போட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

வெள்ளை ஈ உண்மையில் ஈயே இல்லை. அசுவினிக்குச் சொந்தக்காரப் பூச்சி. ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். செடியைத் தட்டினால் திருநீற்றை ஊதியதுபோலப் பறக்கும், மறுபடி வந்து அதே இலையின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். அதன் குஞ்சுகள் சாற்றை உறிஞ்சிச் சர்க்கரைத் தண்ணீராகக் கழிக்கும். அதன்மேல் கரும்பூசணம் படரும், காய் பிசுபிசுக்கும். இங்கிலாந்தின் குளிருக்கு இது அந்நியம். சூடான நாட்டுச் செடிகளோடு வந்து கண்ணாடி வீடுகளுக்குள் குடியேறியது, 1856ல் அதற்கு அறிவியல் பெயரும் வைத்துவிட்டார்கள். லண்டனுக்கு வடக்கே லீ பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளியும் வெள்ளரியும் விளைந்த காலம் அது. ஈயைக் கொல்ல அவர்களிடம் இருந்தது ஹைட்ரஜன் சயனைடு புகை. மனிதனையும் கொல்லக்கூடிய அதே சயனைடு.

கறுத்த செதில்களிலிருந்து வெளிவந்தது ஒரு குளவி. குளவி என்றதும் கொட்டுமே என்று பயப்பட வேண்டாம், மொத்த நீளமே ஒரு மில்லிமீட்டருக்குள்தான். என்கார்சியா ஃபார்மோசா என்று அமெரிக்காவில் இரண்டு வருடம் முன்புதான் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஈயின் குஞ்சுக்குள் அது ஒரு முட்டையைச் செலுத்தும். உள்ளே பொரிந்த புழு குஞ்சை உள்ளிருந்தே தின்னும். பத்து நாளில் செதில் கறுக்கும். இதில் ஆண் அநேகமாகக் கிடையாது, பெண்ணே பெண்ணைப் பெறும். அதன் உடம்பில் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாதான் அதற்குக் காரணம் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது.

வென்றது யார் என்பதைக் காலிச் செதிலை வைத்தே சொல்லிவிடலாம். ஈ வெளியேறினால் முதுகில் 'டி' எழுத்துப்போல ஒரு கிழிசல் இருக்கும். குளவி என்றால் ஊசியால் குத்தியதுபோல வட்டத் துளை.

ஸ்பேயர் செஷன்ட் ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகளைப் பெருக்க ஆரம்பித்தார். சில வருடங்களிலேயே வருடத்துக்குப் பதினைந்து லட்சம் குளவிகள், சுமார் 800 பண்ணைகளுக்குப் போயின. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கும் அனுப்பினார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஈ அடியோடு ஒழிந்தால் குளவியும் பட்டினியில் சாகும். ஆகவே கொஞ்சம் ஈ செடியில் இருக்கட்டும் என்று விவசாயி பொறுத்துக்கொள்ள வேண்டும். கடன் வாங்கிக் கண்ணாடி வீடு கட்டியவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

அதனால்தான் போருக்குப் பிறகு டிடிடி வந்ததும் எல்லாரும் அதன் பின்னால் போனார்கள். 1940களின் இறுதியில் குளவி வளர்ப்பு நின்றே போனது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நம் மொழியிலேயே அந்த விஷத்துக்குப் பெயர் 'மருந்து'. "மருந்து அடிச்சாச்சா?" என்றுதானே கேட்கிறோம்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. சிலந்திப்பேன்கள் விஷத்துக்குப் பழகின, ஈக்களும் பழகின. 1970களில் குளவியைத் திரும்ப அழைத்தார்கள். ஆனாலும் மருந்துப் போத்தலை உண்மையில் கீழே வைக்கச் செய்தது குளவி அல்ல, ஒரு தேனீ என்பேன். மூடிய கண்ணாடி வீட்டில் காற்று இல்லை, தக்காளிப் பூவை ஆள் வைத்து ஒவ்வொன்றாக அதிரச் செய்தால்தான் காய்க்கும். 1980களின் இறுதியில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அந்த வேலைக்கு பம்பிள்பீ என்ற பெருந்தேனீயைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். கூலி மிச்சம், காயும் நன்றாகப் பிடித்தது. ஆனால் மருந்து அடித்தால் தேனீ சாகும். கணக்குப் பார்த்த விவசாயிகள் கையைக் கட்டிக்கொண்டார்கள், அந்த இடைவெளியில் குளவி பிழைத்தது.

2016ல் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது இதே வாதம் நம்மூரில் நடந்தது. பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள், என்கார்சியா இனத்தின் இன்னொரு குளவி தோப்பிலேயே இருக்கிறது, அதைக் காப்பாற்றுங்கள் என்றார்கள் வேளாண் விஞ்ஞானிகள். எனக்குத் தெரிந்த தோப்புக்காரர் ஒருவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மரமே கறுத்துக் கெடக்குது, சும்மா பாத்துட்டு இருக்கச் சொன்னா எப்படிங்க?" என்று கேட்டார். ஒரு கீற்றை வெட்டி, கைக்கண்ணாடி வைத்து அடிப்பக்கம் காட்டினேன். வட்டத் துளைகள் இருந்தன. அவர் எண்ண ஆரம்பித்தார்.