தகட்டு வேலையில் வெப்பப் பதம்

மெல்லிய உலோகத் தகட்டை அடித்தோ அழுத்தியோ இழுத்தோ உருவாக்கும்போது, அது கிழியாமல் வளைந்து கொடுப்பதற்காக இடையிடையே சூடேற்றி, உரிய முறையில் ஆறவிடுவது வெப்பப் பதம் ஆகும். இதன் முதன்மை வகையைத் தொழில்நுட்ப நூல்கள் பதனாற்றல் என்கின்றன. தமிழகத்தில் இதன் வரலாறு ஆதிச்சநல்லூர் வெண்கல வட்டில்கள், கன்னார் பட்டறைகள், மேட்டூர் அலுமினியம் வழியாகச் சேலம் உருக்காலை வரை நீள்கிறது.

அடிப்படை

உலோகம் நுண்ணிய படிகங்களால் ஆனது. சூடில்லாமல் தட்டத் தட்டப் படிகங்கள் உருக்குலைந்து, தகடு விறைக்கிறது. அதற்கு மேலும் அடித்தால் விளிம்பில் விரிசல் காணும். போதிய சூட்டில் வைத்தால் பழைய படிகங்களின் இடத்தில் புதியவை தோன்றி, தகடு மறுபடியும் இளகுகிறது. சூடு மிஞ்சினால் புதிய படிகங்கள் அளவுக்கு மீறிப் பருத்துவிடும். அப்படிப்பட்ட தகட்டை இழுத்து வடிவமைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் போலச் சொரசொரப்பாகும். ஆகவே குறைந்த சூடும் கூடிய சூடும் இரண்டுமே வேலையைக் கெடுக்கும்.

தொல்பழங்காலம்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவான அகழாய்வு செய்தார். அவருடைய பொருட்பட்டியல் 1915இல் வெளிவந்தது. தாழிகளோடு கிடைத்த வெண்கலக் கலங்களில் மிக மெல்லிய வட்டில்களும் உண்டு. நீலகிரியின் ஈமக்குழிகளிலும் இத்தகைய கலங்கள் கிடைத்தன. அங்கே ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவற்றைத் திரட்டினார். அவருடைய நூல் 1873இல் அச்சானது.

இக்கலங்களை ஆராய்ந்த உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன், அவற்றில் பல ஏறத்தாழ 23 விழுக்காடு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தால் ஆனவை என்றும், வார்க்கப்படாமல் சூட்டில் அடித்து உருவாக்கப்பட்டவை என்றும் நிறுவினார். சிலவற்றின் விளிம்பு 0.2 மில்லிமீட்டர் வரை மெலிந்தது.

இதன் அருமை கலவையின் இயல்பை அறிந்தால்தான் விளங்கும். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம், சாதாரண நிலையில் சுத்தியல் பட்டாலே உடைந்துவிடும். ஆனால் ஏறத்தாழ 590 முதல் 790 பாகை செல்சியசு வரையிலான இடைவெளியில் மட்டும் அது இளகி அடிக்கு இடம் கொடுக்கும். தடித்த சிறு வில்லையாக வார்த்து, செஞ்சூட்டில் எடுத்துத் தட்டி, நிறம் மங்கியதும் மறுபடி உலையில் வைத்து, பலமுறை இப்படியே மெலிய வைத்தார்கள். வடிவம் வந்ததும் சூட்டோடு தண்ணீரில் முக்கினார்கள். மெல்ல ஆறவிட்டிருந்தால் நொறுங்கும் படிகக்கூறு உள்ளே உருவாகியிருக்கும். சட்டென்று குளிர்ந்ததால் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. கரிமம் மிகுந்த எஃகைச் சூட்டோடு தண்ணீரில் முக்கினால் அது இறுகி நொறுங்கும் தன்மை பெறும். இந்த வெண்கலமோ அதனாலேயே முறியாத்தன்மை பெறுகிறது. இந்த நேர்மாறான இயல்பைக் கண்டறிந்து கையாண்டது பெருஞ்சாதனை.

தாய்லாந்தின் பான் தோன் தா பெட் அகழாய்விலும் இதே வகைக் கலங்கள் கிடைத்துள்ளன. கொரியாவில் 22 விழுக்காடு வெள்ளீயம் சேர்த்து அடிக்கும் பாங்சா பாத்திரத் தொழில் இன்றும் நடக்கிறது. கேரளத்தில் இம்முறை அண்மைக்காலம் வரை வழக்கில் இருந்ததைச் சாரதா சீனிவாசனும் இயன் குளோவரும் 1995இல் பதிவு செய்தனர்.

கன்னார் பட்டறை

செம்பும் பித்தளையும் வெண்கலத்தைவிட இணக்கமானவை, சூடில்லாமலே அடிக்கலாம். குடம், அண்டா, தவலை அடிக்கும் கன்னார், தகட்டை வட்டமாக வெட்டி, பட்டடையில் வைத்துக் கொட்டாப்புளியாலும் சுத்தியலாலும் சுற்றிச் சுற்றித் தட்டுவார்கள். தகடு இறுகும்போது அடியின் ஓசை மாறும். மந்தமாக விழுந்த சத்தம் கணீரென்று எழும்பும். அப்போது துருத்தி ஊதிய கரியுலையில் வைத்து, நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு தெரியும் வரை காய்ச்சுவார்கள். வெயிலில் அந்த நிறம் கண்ணுக்குப் புலப்படாது. எனவே உலை இருக்கும் இடம் வெளிச்சம் குறைந்ததாக இருக்கும். ஆறியபின் கறுத்த படலத்தைப் புளிநீரில் தேய்த்துப் போக்கி மறுபடி அடிப்பார்கள். பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் தட்டேரா கைவினைஞர்கள் செம்பும் பித்தளையும் கொண்டு செய்யும் இத்தகைய பாத்திரத் தொழிலை யுனெஸ்கோ 2014இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பித்தளை வெடிப்பு

இந்தியாவில் பிரிட்டிஷ் இராணுவம் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் குப்பிகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களுக்கு அருகில் வைத்தவற்றில் இது மிகுதி. இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இழுவிசையும், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் சேர்ந்ததே காரணம் என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921இல் விளக்கினர். இறுக்கம் குறையாத அளவுக்கு மிதமாகச் சூடேற்றி உள்ளிழுவிசையை மட்டும் போக்குவதே தீர்வாயிற்று. இளக்குவதற்கு ஒரு சூடு, இழுவிசை தணிப்பதற்கு வேறொரு சூடு என்ற பகுப்பு இதனால் தெளிவடைந்தது.

கொல்லிமலையும் அலுமினியமும்

கொல்லிமலையின் உச்சிப் பகுதிகளில் பாக்சைட் படிவுகள் உள்ளன. இங்கும் சேர்வராயன் மலையிலும் தோண்டிய பாக்சைட் மேட்டூரிலிருந்த மதராஸ் அலுமினியம் நிறுவனத்தின் ஆலைக்குச் சென்றது. அங்கே 1965இல் உற்பத்தி தொடங்கியது.

அலுமினியத் தகட்டின் பதம் வேறு சிக்கல் கொண்டது. இது 660 பாகையில் உருகிவிடும். அதற்கு முன் சிவந்து எச்சரிக்காது. இளகுவதற்கு 350 முதல் 415 பாகை போதும். அதனால் கைத்தொழிலாளர்கள் தகட்டின் மீது சோப்பைத் தேய்த்துத் தீயில் காட்டுவார்கள். சோப்பு கருத்ததும் தீயை விலக்கிவிடுவார்கள்.

துருப்பிடிக்காத எஃகு

ஜெர்மனியின் குருப் நிறுவனத்தில் 1912இல் உருவான, குரோமியமும் நிக்கலும் கலந்த துருப்பிடிக்காத எஃகு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எவர்சில்வர் என்ற பெயரில் தமிழகச் சமையலறைகளில் பித்தளையின் இடத்தைப் பிடித்தது. சேலத்துக் கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆண்டுக்கு 32,000 டன் திறனுள்ள குளிர் உருட்டாலை 1981இல் இயங்கத் தொடங்கியது. சூடான உருட்டாலை 1995இல் சேர்ந்தது.

இந்த எஃகு மற்ற உலோகங்களைவிட விரைவாக இறுகும். உருளைகளுக்கிடையே மெலிந்த சுருளை 1010 முதல் 1120 பாகை வரை சூடேற்றி விரைந்து குளிர்விக்க வேண்டும். 850 முதல் 425 பாகை வரையிலான இடைவெளியில் தாமதித்தால் கரிமம் குரோமியத்தோடு சேர்ந்து படிக ஓரங்களில் படியும். அங்கே துரு ஏறும். பின்னர் அமிலத் தொட்டியில் படலம் நீக்கப்படும். ஆழமான பாத்திரங்களை ஒரே அழுத்தில் இழுக்க இயலாதபோது, பட்டறைகளிலும் இடையே பதனாற்றல் தேவைப்படுகிறது.

மதிப்பீடு

சேலத்துச் சுருளும் ஆதிச்சநல்லூர் வட்டிலும் ஒரே நெறியில் நிற்கின்றன: தீங்கான கூறு உருவாகும் வெப்பநிலையை விரைந்து கடந்துவிடுவது. ஆலையில் இதைக் கருவி அளக்கிறது. அன்றைய கைவினைஞர் நிறத்தைப் பார்த்தே அறிந்தார். தமிழர் உலோகக் கலை என்றதும் சோழர் காலத்து வார்ப்புப் படிமங்களே முதலில் பேசப்படுகின்றன. அவற்றுக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய இந்த அடிப்பு வட்டில்கள், உலோக அறிவின் ஆழத்தில் அவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.