விசா முடிந்தும் தங்கியவர் மீண்டும் அமீரகம் செல்ல முடியுமா?

ஐக்கிய அரபு அமீரகத்தில் விசா காலம் முடிந்தும் தங்கினால், நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். ஓராண்டில் அது 18,250 திர்ஹமாகிவிடும். இதற்கு அஞ்சியே சில சகோதரர்கள் ஊர் திரும்பாமல் ஒளிந்து வாழ்கின்றனர்.

2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்ட பொது மன்னிப்பைப் பயன்படுத்தி வெளியேறியவர்களுக்கு இந்த அபராதம் தள்ளுபடி செய்யப்பட்டது. மீண்டும் நுழையத் தடையும் விதிக்கப்படவில்லை. முறையான விசா எடுத்து அவர்கள் திரும்பச் செல்லலாம்.

பிடிபட்டு நாடு கடத்தப்பட்டவரின் நிலை வேறு. அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் சிறப்பு அனுமதியின்றி அவர் மீண்டும் நுழைய முடியாது. புதிய பாஸ்போர்ட் எடுத்தாலும், விமான நிலையத்தில் கருவிழிப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே, ஏஜெண்டிடம் பணம் கட்டுமுன் உங்கள் பெயரில் தடை உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.