இரவுத் தபால் வண்டியும் உறக்கத்தின் வகுப்பும்: திருகோணமலைப் புகையிரதப் பாதை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

புகையிரதத்தைப் பற்றி நம்மவர் எழுதும்பொழுது பெரும்பாலும் நினைவின் இனிமையே மேலோங்கி நிற்கின்றது. இரவு முழுவதும் ஓடிய தபால் வண்டி, அதிகாலைக் குளிரில் திறக்கப்பட்ட யன்னல், விடிவேளையில் தோன்றிய பனந்தோப்பு அல்லது கடல் என்னும் படிமங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவ்வினிமையை நாம் மறுக்கவில்லை. ஆயின், அந்த வண்டியில் யார் படுத்துறங்கினர், யார் உட்கார்ந்தவாறே கண்ணயர்ந்தனர், யார் உறங்காது விழித்திருந்தனர் என்ற வினாவை எழுப்பும்பொழுது அவ்வண்டி வேறொரு தோற்றத்தைப் பெறுகின்றது. கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலைக்குச் சென்ற இரவுச் சேவையை மையமாகக் கொண்டு அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையிற் புகையிரதம் மக்களுக்காகப் போடப்பட்டதன்று. 1864ஆம் ஆண்டு அம்பேபுசை வரை ஓடிய முதல் வண்டியும், 1867இல் கண்டியை அடைந்த பாதையும் கோப்பிக்காகவே அமைந்தன. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின், 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் தண்டவாளம் எட்டியது. வடபகுதிப் பாதை 1905இல் முழுமையுற்றது. தலைமன்னார்ப் பாதை 1914இல் திறக்கப்பட்டு, பாக்கு நீரிணைக் கப்பல் வழியே தென்னிந்தியப் புகையிரதத்துடன் இணைக்கப்பட்டது. பெருந்தோட்டத்துக்கு வேண்டிய உழைப்பாளர் வரும் வழியாகவும் அது அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது. இந்தியாவிற் பிரித்தானியர் புகையிரதம் அமைப்பது ஏன் என்பதனை மார்க்ஸ் 1853ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் பத்திரிகையொன்றில் ஆராய்ந்திருந்தார். ஆள்வோர் தமது நலனுக்காகப் போடும் இருப்புப்பாதை, அவர் கருதாத விளைவுகளையும் அந்நாட்டில் தோற்றுவிக்கும் என்ற அவரது நோக்கு இலங்கைக்கும் பொருந்துவதே.

இவ்வரிசையில் திருகோணமலை மிகப் பிந்தியது. மாகோவில் வடபாதையிலிருந்து கிளைத்துக் கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்குமாகப் பிரியும் கிழக்குப் பாதை 1920களின் பிற்பகுதியிலேயே நிறைவெய்தியது. (கல்ஓயாச் சந்தியை அம்பாறைப் பகுதியின் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தோடு சேர்த்து மயங்குவோர் உளர், இரண்டும் வெவ்வேறிடங்கள்.) உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் போற்றப்பட்ட இடத்துக்குத் தண்டவாளம் வரக் கண்டிக்குப் பின் அறுபது ஆண்டுகள் சென்றன. காரணம் வெளிப்படையானது. திருகோணமலைக்குப் பின்னே ஏற்றுமதிப் பயிர் விளையும் நிலம் இருக்கவில்லை. காடும் பழைய குளங்களும் சிதறிய நெற்கிராமங்களும் இருந்தன. தோட்டமுதலின் பொருள் கொழும்புத் துறைமுகத்துக்கே சென்றது, திருகோணமலையோ கடற்படைக்குரியதாயிருந்தது.

சீனன்குடாவை அடுத்துள்ள கப்பல்துறை என்ற ஊர்ப்பெயரே இதற்கொரு சான்றாகும். ஊரின் பெயர் கப்பலைச் சுட்டுகின்றது. ஆனால் அப்பகுதியின் வாழ்வை இருபதாம் நூற்றாண்டில் மாற்றியமைத்தது எண்ணெய்யே. இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் பிரித்தானியக் கடற்படைக்காகச் சீனன்குடாவிற் காட்டை வெட்டி அமைக்கப்பட்ட நூறளவான எண்ணெய்க் கொள்கலங்கள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேற் கொள்ளத்தக்கவை. புகையிரதப் பாதையும் கொள்கலங்களும் ஏறக்குறைய ஒரே தலைமுறையின் ஆக்கங்கள் என்பது தற்செயலன்று. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது கொள்கலமொன்று எரிந்தழிந்தது. ஏகாதிபத்தியத்தின் கடல்வலிமைக்கு எவ்விடம் நரம்பு முடிச்சாக இருந்தது என்பதை எதிரி நன்கறிந்திருந்தான். அப்பாதையாற் பயணஞ்செய்த கடற்படை அலுவலருக்கு முதலாம் வகுப்புப் படுக்கை பொருத்தமாயிருந்தது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் ஏறியவருக்கு அது எட்டாப் பொருள்.

இங்குப் படுக்கையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஓடும் வண்டியிற் படுத்துறங்கும் வசதி 1860களில் அமெரிக்காவிற் புல்மன் என்பவராற் பெரிய வணிகமாக வளர்க்கப்பட்டது. அதன் அடிப்படை எளியது: பயணத்துக்கெனச் செலவாகும் பகலை மீட்டு, இரவைப் பயணத்துக்குக் கொடுத்தல். வணிகனும் அதிகாரியும் வேலைநாளொன்றை இழக்காது ஊர்விட்டு ஊர் செல்லலாம். ஆனால் ஒருவர் உறங்குவதற்கு வேறொருவர் விழித்திருக்க வேண்டும். புல்மன் பெட்டிகளிற் படுக்கை விரித்து, காலணி துடைத்து, இரவெல்லாம் ஏவல் செய்தோர் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர். அவர்கள் 1925இல் ரண்டோல்ஃப் தலைமையில் தொழிற்சங்கம் அமைத்து, பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின்பின் 1937இற் கம்பனியுடன் ஒப்பந்தம் கண்டனர். உறக்கம் உடலின் இயற்கைத் தேவை என்பது உண்மையே. ஆயினும் அது கிடைக்கும் முறை உற்பத்தி உறவுகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் அவலத்தைக் காந்தி 1917ஆம் ஆண்டிலேயே தனிக்கட்டுரையாக எழுதினார். விடுதலைக்குப் பின்னர் அங்கே மூன்றாம் வகுப்பிலும் அடுக்குப் படுக்கைகள் புகுத்தப்பட்டன. நெருக்கமும் இரைச்சலும் எவ்வளவிருப்பினும், ஏழைப் பயணி காலை நீட்டிப் படுக்கலாம் என்ற ஏற்பு அதில் இருந்தது. இலங்கையில் அவ்வாறு நிகழவில்லை. படுக்கை முதலாம் வகுப்பைச் சார்ந்ததாகவே நின்றது. இரண்டாம் வகுப்பினர்க்கும் பின்னர் மூன்றாம் வகுப்பினர்க்கும் சாய்விருக்கை தரப்பட்டது. ஏனையோர் சாதாரண ஆசனத்திலோ, இடைகழியில் விரித்த கடதாசி மீதோ இரவைக் கழித்தனர். தூரம் குறுகியது, ஆதலாற் படுக்கை தேவையில்லை எனச் சிலர் விளக்கங் கூறுவர். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 300 கிலோமீற்றரை இரவு வண்டி எட்டு மணி நேரமளவிற் கடந்தது. எட்டு மணி நேரம் அதிகாரியின் முதுகுக்கு நீண்டதாகவும் கமக்காரனின் முதுகுக்குக் குறுகியதாகவும் இருக்கும் என்பதை நாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை.

ஆங்கிலத்தில் புகையிரதப் பெட்டியின் தரத்தையும் சமூகத்தின் பிரிவையும் ஒரே சொல்லே குறிக்கின்றது. நாமோ முன்னதை வகுப்பு என்றும் பின்னதை வர்க்கம் என்றும் வேறுபடுத்திவிட்டோம். சொல்லாக்கத்தில் இது தெளிவைத் தருகின்றது. ஆனால் கருத்துலகில் ஓர் உறவை மறைத்தும் விடுகின்றது. அரசாங்க ஊழியருக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்ட புகையிரத ஆணைச்சீட்டு இவ்வுறவைத் தெளிவாகக் காட்டும். ஊழியரின் பதவியும் சம்பளமும் எத்தகையனவோ, அதற்கேற்ற வகுப்பே ஆணைச்சீட்டில் எழுதப்பட்டது. தலைமை லிகிதரும் சிற்றூழியரும் ஒரே கந்தோரில் வேலைசெய்து, ஒரே வண்டியில் ஊருக்குச் செல்லலாம். ஒரே பெட்டியிற் செல்ல முடியாது.

இரவுத் தபாலின் உண்மையான சமூக அடித்தளம் இந்த லிகிதர் வர்க்கமே எனலாம். யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வி உருவாக்கிய மத்தியதர வர்க்கத்தினர் கொழும்பிற் பணிபுரிந்து, குடும்பத்தை ஊரில் வைத்து, மாதந்தோறும் பணம் அனுப்பினர். மணியோடர்ப் பொருளாதாரம் என்று இதனைக் கூறுவர். வெள்ளி மாலை கந்தோர் முடிந்தபின் ஏறி, திங்கட் காலை மீண்டும் கந்தோருக்கு வர இரவு வண்டி வழிசெய்தது. மனிதரும் கடிதமும் காசுக்கட்டளையும் ஒரே வண்டியிற் சென்றமையால் தபால் என்ற பெயர் ஆழ்ந்த பொருளுடையது. கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. பி. டி. ரம்பாலா புகையிரதத் திணைக்களத்துக்குத் தலைமை தாங்கிய 1950களில், கனடா வழங்கிய டீசல் எஞ்சின்களும் வந்துசேர்ந்த சூழலில், கடுகதி வண்டிகளுக்கு அழகிய பெயர்கள் சூட்டப்பட்டன: ருகுணு குமாரி, உடரட்ட மெனிகே, 1956இல் யாழ்தேவி. தேவியரும் குமாரியரும் பகலிலே ஓடினர். இரவு வண்டிகளோ அன்று பெயரற்றனவாய், தாம் செய்த தொழிலாலேயே அழைக்கப்பட்டன.

கிழக்குக்குச் சென்ற வண்டியின் இயல்பு வடக்குக்குச் சென்றதிலிருந்து வேறுபட்டது. மாகோவுக்கு அப்பால் ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டி வராதென்பதற்கு உறுதியாக, நிலைய அதிபர் வளையத்திற் கோத்த ரப்லெற்றைச் சாரதியிடம் கையளித்தாலன்றி வண்டி அடுத்த நிலையம் நோக்கி நகராது. நள்ளிரவில் விளக்கோடு மேடையில் நின்று வளையத்தை நீட்டும் அந்தக் கை இல்லையெனில், முதலாம் வகுப்பில் யாரும் நிம்மதியாக உறங்கியிருக்க முடியாது. கல்ஓயாவிற் பெட்டிகளைக் கழற்றுதலும் கோத்தலும், பயணிகள் இறங்கி மாறியேறுதலும் நடைபெற்றன. பிரேக் குழாயைப் பொருத்துபவன், எஞ்சினைத் திருப்புபவன், கார்ட் எனப் பலர் காட்டின் நடுவே விழித்திருந்தனர். அவர்தம் உழைப்பு கால அட்டவணையில் ஒரு நிறுத்தமாக மட்டுமே பதிவாகின்றது.

விழித்திருந்தோரின் வரலாறு இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றின் முதன்மையான பகுதி. 1912இலும் 1923இலும் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களிற் புகையிரதத் தொழிலாளர் முன்னின்றனர். 1947 யூன் 5ஆம் நாள் பொது வேலைநிறுத்த ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டபோது மாண்ட கந்தசாமி ஓர் அரசாங்க லிகிதர்; தமிழர். இரவுத் தபாலில் வகுப்பு வகுப்பாகப் பிரிந்து சென்ற லிகிதரும் தொழிலாளரும் அன்று கொலன்னாவை வீதியில் ஒன்றாகவே நடந்தனர். அவ்வொற்றுமை நிலைக்கவில்லை. 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டம் லிகிதர் வர்க்கத்தை மொழிவழி பிளந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டிற் தமிழரசுக் கட்சியினர் திருமலை மாநாட்டுக்கு யாத்திரையாக நடந்தே சென்றனர். தண்டவாளம் இருக்கவும் நடந்து சென்றமை, மக்களிடையே செல்வதற்கு வண்டி உதவாது என்ற உணர்வின் வெளிப்பாடு. 1958 மே மாதத்தில், வவுனியா மாநாட்டுக்குச் செல்லும் தமிழரைத் தேடிப் பொலநறுவை நிலையத்தில் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. மட்டக்களப்புப் பாதையில் வண்டி தடம்புரளச் செய்யப்பட்டது. நாட்டை இணைப்பதாகப் புகழப்பட்ட பாதை, யார் எங்கே போகின்றார் என்பதை எளிதிற் கண்டறியும் பாதையாகவும் ஆயிற்று.

1980 யூலைப் பொது வேலைநிறுத்தம் இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலையில் தொடங்கியது. அரசு நாற்பதினாயிரம் அளவிலான ஊழியரை வேலைநீக்கஞ் செய்தது. இனப்போர் தொடங்குமுன் தொழிற்சங்கத்தின் முதுகெலும்பு முறிக்கப்பட்டது என்பது எமது கணிப்பு. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கருகே யாழ்தேவி தகர்க்கப்பட்டது. 1990இல் யாழ்ப்பாணச் சேவை அறவே நின்று, 2014 ஒக்ரோபரிலேயே யாழ்ப்பாணத்தை மீண்டும் எட்டியது. திருகோணமலைப் பாதையும் பலமுறை தடைப்பட்டது. இந்நிலையிற் புகையிரதம் நம் எழுத்திற் பிரிவின் குறியீடாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் நாடுகடத்தப்பட்ட மலையகத் தமிழரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற வண்டியை மக்களே ஒப்பாரிக் கோச்சி என்றழைத்தனர். எந்த அதிகாரியும் சூட்டாத இப்பெயர், தேவி குமாரிப் பெயர்களைக் காட்டிலும் வரலாற்றுண்மை மிக்கது. திருகோணமலைப் பிரதேச இலக்கியத்திலோ கோச்சிக்கு இத்தகைய இடமில்லை. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் புகழ்பெற்ற சிறுகதை தோணியைப் பற்றியது. தனக்கென ஒரு தோணி வேண்டும் என்ற ஆசையைப் பற்றியது. துறைமுகத்து மக்களுக்குத் தோணி உற்பத்திக் கருவி. இரவு வண்டி அவர்களுக்கு உற்பத்திக் கருவியுமன்று, உடைமையுமன்று. கொழும்பு அதிகாரத்திடம் மனுக்கொண்டு செல்லும் வழி மட்டுமே.

இன்று அவ்வழியாற் செல்வோர் மாறிவிட்டனர். ஆணைச்சீட்டு லிகிதரின் இடத்துக்கு, மத்தியகிழக்கு நாடுகளுக்கு வீட்டுப்பணிப் பெண்களாகச் செல்லும் மூதூர், கிண்ணியாப் பெண்களும், கடவுச்சீட்டுக்கும் வைத்திய சோதனைக்கும் தலைநகர் செல்லும் இளைஞரும் வந்துள்ளனர். மணியோடர் வெளிநாட்டு நாணயமாகியுள்ளது. ஆசனப்பதிவும் கோட்டை நிலையக் கருமபீடத்தின் நீண்ட வரிசையிலிருந்து தொலைபேசிக்கும் இணையத்துக்கும் பெயர்ந்தது. வரிசையில் நிற்பவருக்கு முன்னால் எத்தனை பேர் என்பதாவது கண்ணுக்குத் தெரிந்தது. இணையத்தில் அதுவும் தெரியாது. மலையகப் பாதையின் உல்லாசப் பயண ஆசனங்கள் பதிவு திறந்து ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடுகின்றன என்ற முறைப்பாடு, 2025 தொடக்கத்திற் குற்றப் புலனாய்வுத் திணைக்கள விசாரணை வரை சென்றது. பதிவுக்கு அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கேட்கப்படுகின்றது. கறுப்புச் சந்தையைத் தடுக்க அது தேவையாயிருக்கலாம். ஆனால் சோதனைச் சாவடிகளில் அவ்வட்டையை நீட்டியே ஒரு தலைமுறை வளர்ந்த மாவட்டத்தில், அக்கேள்வி வேறு தொனியிலும் கேட்கின்றது.

2025 பெப்ரவரி 20ஆம் நாள் இருளில் கல்ஓயாவுக்கு அண்மையில் மீனகயா வண்டி யானைக் கூட்டத்தின்மீது மோதித் தடம்புரண்டது. ஆறு யானைகள் மாண்டன, பயணிகள் உயிர்தப்பினர். வேகக் குறைப்பும் நேர மாற்றமும் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. வேகம் குறைந்தால் இரவு நீளும். நீளும் இரவு படுக்கையிற் கழிபவருக்கு ஒன்று. இடைகழியிற் குந்தியிருந்து, விடிந்ததும் கடவுச்சீட்டு வரிசையில் நிற்கவேண்டிய பெண்ணுக்கு வேறொன்று. சீனன்குடாவில் 1980 முதல் இயங்கும் மாவாலையின் மா இதே தண்டவாளத்தாற் கொழும்புக்குச் சென்று வந்துள்ளது. கப்பல்துறைக் கரையருகே ஏற்றப்படும் அச்சரக்குக்கு ஆசனப்பதிவு தேவைப்பட்டதில்லை.